காளத்தி வழியில் ஒரு கருகமணி ஊர்

திருமலையில் வேங்கடவனைத் தரிசித்துவிட்டுக் காளத்திநாதரைக் காணப் புறப்படும் அன்பர்கள், ரேணிகுண்டாவைக் கடந்து ஏர்ப்பேடு வழியாகச் செல்வது வழக்கம். திருப்பதியிலிருந்து காளத்தி ஏறக்குறைய 36 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒருபுறம் குன்றுகளும் மறுபுறம் வயல்களும் தொடர்ந்துவர, ராகு கேது பரிகாரத்துக்கு நேரமாகிவிடுமோ என்ற பரபரப்பில் வாகனங்கள் விரையும். அந்தச் சாலைக்கு அருகில்தான் பாப்பாநாயுடுபேட்டை என்னும் சிற்றூர் இருக்கிறது. புராணப் பெருமை பேசும் தலமன்று. வானளாவிய கோபுரமும் அங்கு இல்லை. ஆயினும் தென்னாட்டு இல்லங்களின் பூஜையறைகளுக்கும் அவ்வூருக்கும் நெடுநாளைய உறவு உண்டு. குழந்தையின் கையில் கட்டும் கருகமணியும், நோன்புத் தட்டில் வைக்கும் கருகமணிச் சரமும், தெலுங்குப் பெண்டிர் மங்கலநாணில் கோக்கும் கருமணியும் இத்தகைய ஊர்களின் உலைகளில் பிறந்தவையே. கண்ணாடி மணி செய்வதையே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் வாழ்ந்துவரும் ஊர் அது.

காளத்திக்குச் செல்வோர் அவ்வூரைப் பற்றி ஒரு முறையேனும் எண்ணிப் பார்ப்பது பொருத்தம். ஏனெனில், காளத்தியின் தலவரலாறே நூலும் மணியும் பற்றியதுதான்.

சிலந்தியும் பாம்பும் யானையும்

சீ என்பது சிலந்தி, காளம் என்பது பாம்பு, அத்தி என்பது யானை. இம்மூன்றும் வழிபட்டு முத்தி பெற்றதால் சீகாளத்தி எனப் பெயர் வந்தது என்பதை அன்பர்கள் அனைவரும் அறிவர். பஞ்சபூதத் தலங்களுள் இது வாயுத் தலம். கருவறையில் காற்று புக வழியில்லாத இடத்திலும் ஒரு தீபத்தின் சுடர் அசைந்துகொண்டிருப்பதைக் காட்டி, இறைவனின் மூச்சு அது என்று பெரியோர் சொல்வர்.

சிலந்தி தன் உடலிலிருந்து நூலை இழுத்து, பெருமானின் திருமுடிமேல் வெயிலும் சருகும் விழாதபடி பந்தல் அமைத்தது. ஒருநாள் அருகிலிருந்த விளக்கின் சுடர் பட்டு அந்தப் பந்தல் எரிந்தது. வருந்திய சிலந்தி அச்சுடரையே விழுங்கப் பாய்ந்து உயிர்விட்டது. பாம்போ நாள்தோறும் மணிகளைக் கொணர்ந்து இலிங்கத்திருமேனியில் வரிசையாக வைத்து அழகு பார்த்தது. யானை வந்தது, ஆற்றுநீரைத் துதிக்கையில் முகந்து நீராட்டி, மணிகளை அகற்றிவிட்டு, இலையும் மலரும் சாத்தியது. தான் வைத்த மணிகள் சிதறிக் கிடப்பதைக் கண்ட பாம்பு சினந்தது; யானையின் துதிக்கையில் புகுந்தது. இரண்டும் மடிந்தன. இறைவன் மூன்றுக்குமே அருள் புரிந்தான்.

இவ்வரலாற்றைக் கேட்கும்போது பலரும் முத்தியைப் பற்றியே பேசுவர். அவை செய்த பணியைச் சற்றே உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். சிலந்தி தந்தது நூல். பாம்பு தந்தது மணி. இரண்டையும் ஒன்றாக்கினால் மாலை. இரண்டையும் அவை எங்கும் விலைக்கு வாங்கவில்லை. சிலந்தி தன் உடலிலிருந்து நூற்றது, பாம்பு தன் முயற்சியால் தேடிக் கொணர்ந்தது. பாம்பின் மணி உயர்ந்ததா, யானையின் பச்சிலை உயர்ந்ததா என்று அவை தமக்குள் பூசலிட்டன. பெருமான் அந்த வழக்குக்குத் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. இரண்டையும் ஏற்றான்.

அதே மண்ணில்தான் திண்ணனார் வாயில் முகந்த நீரும், தலையில் செருகிய மலருமாக வந்து கண்ணப்பரானார். இன்றும் மகாசிவராத்திரிப் பெருவிழாவில் முதற்கொடி கண்ணப்பர் மலையில் ஏறிய பிறகே பெருமானுக்குரிய கொடி ஏறுகிறது. சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய தலம். நக்கீரர் கயிலையையும் காளத்தியையும் இணைத்து அந்தாதி செய்த தலம். கிருஷ்ணதேவராயர் 1516-ஆம் ஆண்டு எழுப்பிய பெருங்கோபுரம் 2010 மே மாதத்தில் இடிந்து விழுந்தபோது கலங்காத அடியார் இல்லை. அதே இடத்தில் புதிய கோபுரம் எழுந்து 2017-இல் குடமுழுக்குக் கண்டது. கையால் செய்தது அழியும், ஆனால் மீண்டும் செய்யக் கைகள் இருந்தால் அது திரும்பவும் எழும் என்பதற்கு அந்தக் கோபுரமே சான்று.

உலையில் பிறக்கும் மணி

பாப்பாநாயுடுபேட்டையில் மணி செய்யும் முறை வியப்புக்குரியது. ஒவ்வொரு மணியாக உருட்டித் துளையிடுவதில்லை. முதலில் துளை, பிறகே மணி.

உருகிய கண்ணாடிக் குழம்பை ஒரு நீண்ட இரும்புக் குழலின் நுனியில் திரட்டி எடுப்பர். அந்தக் குழலுக்கு லாடா என்று பெயர். திரட்டிய கண்ணாடியைப் பலகைமேல் உருட்டிக் கூம்பாக்கி, குழலுக்குள்ளே செருகிய கம்பியால் அதன் நடுவே துளை உண்டாக்குவர். பிறகு அக்கூம்பை உலையின் ஒரு வாயில் வைத்துச் சூடு குறையாமல் சுழற்றுவர். மறுபுறத்து வாயிலில் அமர்ந்திருக்கும் தேர்ந்த கைவினைஞர் கூம்பின் நுனியைக் கொக்கியால் பற்றி இழுப்பார். பசுவின் மடியிலிருந்து பால் இறங்குவதுபோல், மெல்லிய கண்ணாடிக் குழாய் இடையறாது நீண்டுகொண்டே வரும். இழுக்கும் வேகம் கூடினால் குழாய் மெலியும், குறைந்தால் தடிக்கும். அளவுகோல் அவருடைய கைதான். எத்தனை மெலிந்தாலும் நடுவிலுள்ள துளை மட்டும் அடைபடுவதில்லை.

ஆறிய குழாய்களைக் கற்றையாகப் பிடித்துக் கூரிய தகட்டின்மேல் வைத்துச் சிறு துண்டுகளாக நறுக்குவர். ஒரு மீட்டர் நீளக் குழாயை 2 மில்லிமீட்டர் துண்டுகளாக்கினால் 500 மணிகள் கிடைக்கும். நறுக்கிய துண்டின் ஓரம் கூர்மையாக இருக்கும். கழுத்தில் அணிந்தால் கீறிவிடும், நூலையும் அறுத்துவிடும். எனவே துண்டுகளைச் சாம்பலோடு பிசிறி மீண்டும் சூடேற்றுவர். ஓரங்கள் உருகி உருண்டையாகும். துளைக்குள் புகுந்த சாம்பல் துளையைக் காக்கும். பின்பு சலித்து, அளவு பிரித்து, வீடுதோறும் பெண்களிடம் கொடுப்பர். அவர்கள் நீண்ட கம்பி ஊசிகள் பலவற்றை விசிறிபோல் விரித்துப் பிடித்து, மணிக்குவியலுக்குள் செலுத்தி எடுப்பர். ஒரு வீச்சில் பல சரங்களில் மணிகள் ஏறிவிடும். பண்டிகைக் கடையில் வாங்கும் கருகமணிச் சரம், ஆணும் பெண்ணுமாக இத்தனை கைகளைக் கடந்து வந்ததுதான்.

அரிக்கமேட்டிலிருந்து

இம்முறை நேற்று வந்ததன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். உரோமாபுரியோடு வணிகம் நடந்த துறைமுகம் அது என்பது உலகறிந்த செய்தி. அங்கே ஆயிரக்கணக்கில் கிடைத்தவை சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள். மணிகளைப் பற்றியே தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பீட்டர் பிரான்சிஸ், இவ்வகை மணிகள் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கீழை நாடுகள் வரை பரவியிருப்பதைக் கண்டு, அவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் எனப் பெயரிட்டார். அரிக்கமேட்டில் கிடைத்த கழிவுத் துண்டுகளையும் பாப்பாநாயுடுபேட்டை உலைக்கூடத்துக் கழிவுகளையும் ஒப்புநோக்கி, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைய தொழில்நுட்பமே அவ்வூரில் உயிர்வாழ்கிறது என்று அவர் கருதினார்.

கொங்கு நாட்டில் நொய்யற்கரைக் கொடுமணலிலும், வைகைக்கரைக் கீழடியிலும் மணிகள் கிடைத்திருக்கின்றன. கீழடி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் அம்மணிகளைக் காணும் பெரியோர், தம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கு அருகில் பழைய டப்பாவில் கிடக்கும் மணிகளை நினைக்காமல் இருக்க முடியாது. சூதுபவளமும் பளிங்கும் செல்வர்க்குரியனவாக இருந்திருக்கலாம். கண்ணாடி மணியோ எளியவர் கைக்கும் எட்டியது. இல்லந்தோறும் அது இடம்பெற்றமைக்கு அதுவும் ஒரு காரணம்.

கருமையும் நன்மையும்

தெலுங்கில் கருகமணிக்கு நல்லபூசலு என்று பெயர். அம்மொழியில் நல்ல என்றால் கரிய என்பது பொருள். பூச என்றால் மணி. தமிழ்க் காதுக்கு அது நன்மை தரும் மணி என்றே கேட்கிறது. இரண்டு பொருளும் வழக்கத்தில் ஒன்றாகவே முடிகின்றன. தெலுங்கு மணவீடுகளில் கருமணி கோத்து அணிவிப்பதற்கென்றே ஒரு சடங்கு உண்டு.

தமிழ் இல்லங்களில் பிறந்த குழந்தைக்குக் காப்பிடும் நாளில், கருமணியும் வெண்மணியும் மாற்றி மாற்றிக் கோத்துக் கையில் கட்டுவர். கண்ணேறு படாதிருக்க என்று பாட்டிமார் சொல்வர். குழந்தை கையை ஆட்டும்போதெல்லாம் கருப்பும் வெளுப்புமாக மாறுவதைப் பார்த்து அது தானே சிரிக்கும் என்பதும் அவர்கள் அறிந்ததே. தாலி பெருக்கிப் போடும் நாளில் குண்டும் பவழமும் சேர்வதோடு, சில குடும்பங்களில் கருகமணியும் சேரும்.

ஆடிப் பதினெட்டில் காவிரித் தாய்க்குப் படைப்பது காதோலையும் கருகமணியும். சுருட்டிய பனையோலை காதுக்கு, கரிய மணிச்சரம் கழுத்துக்கு. திருவரங்கத்தில் நம்பெருமாளே அம்மா மண்டபம் படித்துறைக்கு எழுந்தருளி, காவிரிக்குப் பட்டும் மாலையும் மங்கலப் பொருள்களும் சீராக அளிக்கும் காட்சியைக் கண்டவர் பேறு பெற்றவர். பெருமாள் தருவது பட்டு. படித்துறையில் ஒதுங்கி நிற்கும் ஏழைப் பெண் தருவது ஓலைச்சுருளும் கண்ணாடி மணியும். ஆறு இரண்டையும் ஏந்திச் செல்கிறது.

சிராவண பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளியன்று வரலட்சுமி நோன்பு. கலசத்தில் அம்மன் முகம் பொருத்தி, பாவாடை கட்டி, பூச்சூட்டி, நகை அணிவித்து, வாசலிலிருந்து அழைத்துவரும்போது காதோலை கருகமணி இல்லாமல் அலங்காரம் நிறைவதில்லை. பொன் நகை எத்தனை சாத்தினாலும் இந்த இரண்டும் வேண்டும்.

கோக்கும் கை

ஒரு தலைமுறைக்கு முன்வரை, நோன்புக்குப் பத்து நாள் இருக்கும்போதே வீட்டுக்கூடத்தில் மணித்தட்டு இறங்கிவிடும். அம்மனுக்குரிய சரங்களை வீட்டுப் பெண்களே கோப்பர். கொலுவுக்கு மணியால் அன்னமும் கிளியும் செய்வர். சிறுமிக்கு ஊசியில் நூல் நுழைக்கும் வேலை. பாட்டிக்கு எண்ணிக்கை சொல்லும் வேலை. இன்று கடைவீதிகளில் அம்மன் நகைகள் அளவுவாரியாக, ஒட்டுப்பசை மணக்க, உறைகளில் தொங்குகின்றன. வாங்கினால் ஐந்து நிமிடத்தில் அலங்காரம் முடிந்துவிடும். பணிக்குச் செல்லும் பெண்களை இதற்காகக் குறைசொல்வது நியாயமாகாது. அவர்களுடைய நாளில் நேரம் குறைவு. ஆனால் வீட்டிலிருக்கும் முதியோரிடம் நேரம் இருக்கிறது. அவர்களிடம் கையறிவும் இருக்கிறது. அக்கையறிவு எழுதி வைக்கப்பட்டதன்று. கண்டு கற்றது, காட்டினாலன்றி அடுத்த கைக்குப் போகாது.

மணி செய்யும் ஊரிலும் நிலைமை இதுவே. உலையின் வெம்மைக்கு முன்னே நாளெல்லாம் அமர்வது எளிய பணியன்று. இயந்திரத்தில் ஒரே அளவாகப் பிறக்கும் இறக்குமதி மணிகளும், அவற்றினும் மலிவான நெகிழி மணிகளும் சந்தையை நிறைத்துவிட்டன. படித்த பிள்ளைகள் வேறு வேலைக்குச் செல்கின்றனர், செல்வதே இயல்பு. குழாயின் தடிமனைக் கையால் உணர்ந்து இழுக்கும் ஒருவர் எழுந்துபோனால், அந்த இடத்தில் அமர இன்னொருவர் ஆண்டுக்கணக்கில் பழகியிருக்க வேண்டும். உலை ஒருமுறை ஆறிவிட்டால் மீண்டும் மூட்டுவது நெருப்பால் மட்டும் ஆவதில்லை.

இந்த இரண்டு இழப்புகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வீட்டில் கோப்பவர் இல்லையென்றால் கண்ணாடி மணியைத் தனியே வாங்குவோர் இல்லை. வாங்குவோர் இல்லையென்றால் இழுப்பவர் இல்லை. ஒரு வீட்டில் ஓர் அம்மனுக்கு ஒரு சரம் கோக்கப்படும்போது, காணாத ஊரில் ஓர் உலைக்கு ஒரு பிடி எரிபொருள் சேர்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

நூற்றெட்டு மணிச் சரம்

நோன்புக்கென ஒரு சரம் கோக்க விரும்பும் இல்லத்தார்க்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 2 மில்லிமீட்டர் கருகமணி ஒன்பது, அதையடுத்து 4 மில்லிமீட்டர் பவழமணி ஒன்று: இதை ஓர் அலகு என்று கொள்ளலாம். ஒன்பது ஏனெனில், நோன்புச் சரட்டில் இடும் முடிச்சும் ஒன்பது. ஓர் அலகின் நீளம் 22 மில்லிமீட்டர். பன்னிரண்டு அலகுகள் கோத்தால் கருகமணி நூற்றெட்டு, பவழம் பன்னிரண்டு. நீளம் 26 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். நடுத்தரக் கலசச் சொம்பின் கழுத்தைச் சுற்றி மார்பில் தவழ இது போதும். உறுதிசெய்துகொள்ள, முதலில் வெறும் நூலைக் கலசத்தில் சுற்றிப் பார்த்து அளவெடுப்பது நல்லது. சொம்பு பெரிதானால் இருபுறமும் ஒவ்வோர் அலகைக் கூட்டிக்கொள்ளலாம்.

உண்மைக் கண்ணாடி மணியை அறிவது எளிது. கன்னத்தில் வைத்தால் குளிர்ந்திருக்கும். உள்ளங்கையில் கனம் தெரியும். பித்தளைத் தட்டில் விட்டால் கலீரென ஒலிக்கும். நெகிழி மணி வெதுவெதுப்பாய், கனமற்று, ஒலியடங்கி விழும். கையால் செய்த மணிகள் எல்லாம் ஒரே அளவில் இரா. அதனைக் குறையாகக் கொள்ள வேண்டா. சற்றே பெரியவற்றை நடுவிலும் சிறியவற்றை ஓரங்களிலும் வைத்தால் சரத்துக்கு அழகான இறக்கம் தானே வந்துவிடும்.

விளிம்புள்ள தாம்பாளத்தில் வெள்ளைத் துண்டை விரித்து அதன்மேல் மணிகளைக் கொட்டுக. மணி உருண்டோடாது, கருமை கண்ணுக்கு எடுப்பாகவும் தெரியும். காலை வெளிச்சமே உகந்தது. உறுதியான நூலை இரட்டையாக்கித் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் நூல் பிரியாது, மணியின் துளை அதை அறுக்காது. மணியூசியின் காது மிக நுண்ணியது. பேரனோ பேத்தியோ பள்ளி கிளம்புமுன் நாலைந்து ஊசிகளில் நூல் நுழைத்து வைத்துவிட்டுப் போகலாம்.

முதலில் பதக்கத்தை நூலின் நடுவில் கோத்து, இருபுறமும் முடிச்சிட்டு நிலைநிறுத்த வேண்டும். பதக்கத்துக்கு வீட்டிலிருக்கும் பழைய ஒற்றைத் தோடே போதும். இணை தொலைந்த தோடு எந்த வீட்டில் இல்லை? பிறகு வலப்புறம் ஓர் அலகு, இடப்புறம் ஓர் அலகு என மாறி மாறிக் கோத்துச் சென்றால் எண்ணிக்கை தவறாது. இருபுறமும் ஆறாறு அலகு, ஐம்பத்துநான்கு கருமணி. ஒரே பக்கத்தை முதலில் முடித்துவிட்டு மறுபக்கம் வருவோர்க்கே கணக்குப் பிழைக்கும். ஒவ்வொரு கருமணிக்கும் திருமகளின் ஒரு திருநாமத்தைச் சொல்லிக் கோத்தால், சரம் முடியும்போது அஷ்டோத்தரமும் நிறைவுறும். இறுதியில் மணிக்கு அப்பால் நான்கு விரற்கடை நூலை விட்டு, மஞ்சள் சரட்டோடு சேர்த்துப் பின்னிவிட்டால் கலசத்தின் பின்புறம் கட்ட வசதியாக இருக்கும். கொக்கி வேண்டுவதில்லை, பசையும் வேண்டுவதில்லை. நூல் நலிந்தால் அறுத்துவிட்டு, அதே மணிகளை மீண்டும் கோக்கலாம். பசையால் ஒட்டிய நகைக்கு அந்த மறுபிறப்பு இல்லை.

கண் மங்கியவர்கள் தயங்க வேண்டா. பவழம் பெரியது, அது விரலுக்கே தெரியும். ஒன்பது மணிகளைப் பிறர் எண்ணி எண்ணிச் சிறு கிண்ணங்களில் இட்டுவைத்தால், கோப்பது கைப்பழக்கத்தாலேயே நடந்துவிடும். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதும் இல்லை. நாளுக்கு இரண்டு அலகு கோத்தால் ஆறு நாளில் சரம் முடியும். நோன்புக்கு முந்தைய வாரம் தொடங்கினால் போதும்.

நோன்புக்கு மறுநாள் புனர்பூஜை முடித்து, கலசத்தை வடக்கே நகர்த்தி, அம்மன் முகத்தை அரிசிப் பானைக்குள் வைக்கும்போது சரத்தைத் தனியே கழற்றிவிட வேண்டும். மஞ்சள் குங்குமத்தை உலர்ந்த துணியால் துடைத்து, பழைய பட்டுத்துணியில் சுற்றி வைத்தால் பல ஆண்டுகள் இருக்கும். கண்ணாடிக்கு நிறம் மங்குவதில்லை. கோத்தவர் காலத்துக்குப் பின்னும் அது அந்த வீட்டு அம்மனின் கழுத்தில் ஏறும்; அவருடைய பெயரைச் சொல்லித்தான் அதை எடுப்பார்கள்.

இந்த வீட்டில் தங்கக் காசுமாலை இருக்கையில் கண்ணாடி மணி எதற்கு என்று யாரேனும் கேட்கக்கூடும். காசுமாலையையும் சாத்தலாம், தடையேதும் இல்லை. அது குடும்பத்தின் செல்வத்தைச் சொல்லும், மணிச்சரம் குடும்பத்தார் அமர்ந்த பொழுதைச் சொல்லும். பாம்பின் மணியையும் யானையின் பச்சிலையையும் ஒருங்கே ஏற்ற பெருமான் காளத்தியில் இருக்க, இவ்விரண்டில் எது உயர்ந்தது என்ற வழக்கை எந்த வீட்டிலும் நீட்டிக்கத் தேவையில்லை.

செல்லும் வழி

கூடூர் – ரேணிகுண்டா இருப்புப்பாதையில் காளத்தி, ஏர்ப்பேடு ஆகிய நிலையங்கள் உள்ளன. திருப்பதியிலிருந்து காளத்திக்குப் பேருந்துகள் அடிக்கடி செல்கின்றன. பொன்முகலி ஆற்றங்கரையில் மேற்கு நோக்கி அமர்ந்த காளத்திநாதரையும் ஞானப்பூங்கோதை அம்மையையும் வழிபட்டு, ஆழத்தில் எழுந்தருளியுள்ள பாதாள விநாயகரையும் வணங்கலாம். படியிறங்கும் வழி குறுகியது. முழங்கால் வலியுள்ளோர் மேலிருந்தே கைகூப்பலாம். கண்ணப்பர் மலைக்குக் காலையில் ஏறுவது நலம். காளத்தியின் கலம்காரித் துணிகளும் புகழ்பெற்றவை. பூஜையறைத் திரைக்கு உகந்தவை.

பாப்பாநாயுடுபேட்டைக்குத் திருப்பதி – காளத்தி வழியில் வாகனம் அமர்த்திச் செல்வோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அங்குள்ள உலைக்கூடங்கள் காட்சிக்கூடங்கள் அல்ல. குடும்பங்கள் உழைக்கும் இடங்கள். கேட்டு, இசைவு பெற்றே உள்ளே செல்ல வேண்டும். உருகிய கண்ணாடி இருக்கும் இடமாதலால் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாமல், சில சரங்களேனும் பேரம் பேசாது வாங்கிவருவது அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதை. வாங்கிய மணிகளைக் காளத்திநாதர் சன்னிதியில் ஒரு கணம் நினைந்து, வீட்டுக்குக் கொணர்ந்து, ஆடி பிறக்கும் முன் தாம்பாளத்தில் கொட்டிவிட்டால் போதும். தாம்பாளத்தின் எதிரே அமர வீட்டுச் சிறுவர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள்.